கோடும் எழுத்தும்

நுழையும்முன்

நவீன ஓவியம் ஐரோப்பாவில் முளைத்து, பிற்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இஸ்லாமியக் கலை என்றவுடன் குவிமாடத்தையும் மினாராவையும் மட்டுமே நினைப்பதும் அவ்வாறே பரவலானது. இவ்விரண்டு எண்ணங்களையும் தாமிரபரணிக் கரையின் கோரைப் பாயில் தொடங்கி, ஓவியம், அச்சு, ஒளிப்படம், கட்டடம் எனப் பல கலைவடிவங்களின் வழியே இப்பாடம் மறுபார்வைக்கு உட்படுத்துகிறது.

தறியும் கட்டமும்

பதினேழாம் நூற்றாண்டில் தென்காசியில் பிறந்து, நாஞ்சில் நாட்டின் தக்கலையில் வாழ்ந்து அடங்கியவர் ஞானி பீர்முகம்மது அப்பா. அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் தக்கலைத் தர்காவில் விடிய விடியப் பாடப்படுகிறது. அவர் நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இலக்கிய வரலாறு அவருடைய பாடல்களைப் பேசும் அளவுக்குத் தறியைப் பேசுவதில்லை. ஆயினும், தறி என்பது ஒரு கருவி மட்டுமன்று. அது ஓர் ஒழுங்கு. நெடுக்காகச் செல்லும் பாவும் குறுக்காகச் செல்லும் ஊடையும் ஒன்றையொன்று வெட்டும் இடமெல்லாம் கட்டம் பிறக்கிறது. நெசவாளர் எந்த வடிவத்தைக் கொண்டுவர விரும்பினாலும் அதனை இக்கட்டங்களின் மொழியில்தான் சொல்ல வேண்டும்.

இதனைத் தெளிவாகக் காண, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நெல்லைச் சீமைக்குள் சென்று, சேரன்மாதேவியை அடுத்துள்ள பத்தமடையை அடைய வேண்டும். இவ்வூர்ப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. இதனை நெய்வோரில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தோர். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி. ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாகக் கட்டி நெய்கின்றனர். கோரை எவ்வளவுக்கு எவ்வளவு நுண்மையாகக் கிழிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு பாய் பட்டுப்போல் மென்மை பெறும். பட்டுப் பாய் என்று அதற்குப் பெயர் அமைந்தது இதனாலேயே. 1953ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் அன்பளிப்பாக அனுப்பப்பட்டது.

அரசிக்குச் சென்ற பாயைக் காட்டிலும் இப்பாடத்துக்கு இன்றியமையாதது கல்யாணப் பாய். மணமக்களின் பெயர்களை அதில் எழுத்தாகவே நெய்து தருவர். தமிழ் எழுத்துகள் வளைவு மிகுந்தவை. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலந்தொட்டு வட்டமும் சுழியுமாக வளர்ந்தவை. அவற்றைப் பாவும் ஊடையும் மட்டுமே உள்ள பரப்பில் எழுதும்போது சுழி படிப்படியாக உடைந்து, கோணமாகிறது. ‘ழ’கரத்தின் வளைவு ஏணிப்படி போலாகிறது. எழுத்து எழுத்தாகவும் இருக்கிறது, அணியாகவும் மாறிவிடுகிறது.

கல்லிலும் செங்கல்லிலும்

பத்தமடையில் கோரை செய்வதை ஈரானிலும் நடு ஆசியாவிலும் செங்கல் செய்தது. அரபு எழுத்தின் பழைய வடிவங்களுள் ஒன்று கூஃபி. ஈராக்கிலுள்ள கூஃபா நகரின் பெயரால் வழங்குவது. கோணங்கள் மிகுந்த இவ்வெழுத்தைச் செங்கல் வரிசைகளில் அமைக்க முற்பட்ட கொத்தர்கள், வளைவுகளை முற்றிலும் நீக்கிச் சதுரக் கூஃபி என்னும் வடிவத்தை உருவாக்கினர். இதில் எழுத்தின் அகலமும் எழுத்துகளுக்கு இடைப்பட்ட வெளியின் அகலமும் ஒன்றே. முன்னால் நிற்பவருக்கு முதலில் அது புதிர்ச் சதுரமாகவே தோன்றும். உற்று நோக்கினால் மட்டுமே இறைவனின் பெயரோ நபியின் பெயரோ புலப்படும். எழுத்து வாசிக்கப்படுவதற்கு முன்பே பார்க்கப்பட வேண்டும் என்னும் கருத்து அதில் உள்ளது.

தமிழ்க் கடற்கரையிலும் எழுத்து இவ்வாறு இடம்பெயர்ந்தது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் வழங்கியது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின்மேல் புதிய புள்ளிகளையும் குறிகளையும் இட்டு எழுத்துகள் படைக்கப்பட்டன. மொழி ஒன்று, எழுத்து மற்றொன்று. இரண்டும் ஒரே தாளில் கூடின.

அவ்வூர்ப் பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களைக் கண்டோர், கோயில் மண்டபத்தில் நிற்கிறோமோ என ஒரு கணம் ஐயுறுவர். அடிப்பகுதியும் போதிகையும் திராவிடக் கட்டடக்கலை மரபில் வந்தவை. யாளியும் தெய்வ உருவமும் நிற்க வேண்டிய இடங்களில் தாமரையும் கொடியும் கணித வடிவங்களும் உள்ளன. சிற்பிகளின் உளி மாறவில்லை; உளிக்கு இடப்பட்ட பணி மாறியது.

இங்கு ஒரு தவறான கருத்தைக் களைதல் வேண்டும். இஸ்லாமியக் கலை உருவத்தை அறவே விலக்கியது, அந்த வெற்றிடத்தை நிரப்பவே கோலங்கள் வந்தன என்று சொல்வோர் உளர். தொழுகை இடங்களில் உருவங்கள் விலக்கப்பட்டது உண்மை. ஆனால் அரண்மனைகளிலும் நூல்களிலும் உருவ ஓவியம் செழித்தது. அக்பர் ஆணையால் வரையப்பட்ட ஹம்சா நாமா ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்களைக் கொண்டிருந்தது. வீரரும் அரக்கரும் விலங்குகளும் நிறைந்தது. ஆகவே, வட்டத்தையும் சதுரத்தையும் எழுத்தையும் கலைஞர்கள் கையிலெடுத்தது வேறு வழியின்மையால் அன்று. ஒரு மையத்திலிருந்து விரிந்து எல்லையின்றிச் செல்லக்கூடிய வடிவத்தில், கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் குறிக்க இயலும் என்னும் தேர்ச்சியால் ஆகும். வாசலில் புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தி. எந்தக் கோலமும் வாசற்படியோடு நின்றுவிடுவது இடமின்மையாலே தவிர, கோலம் முடிந்துவிட்டதனால் அன்று.

தெரியுமா?

ஈரானின் இஸ்பகான் நகரில் 1453ஆம் ஆண்டைச் சேர்ந்த தர்ப்-இ இமாம் என்னும் கட்டடத்தின் சுவர் அணியை ஆராய்ந்த பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்னும் அறிஞர்கள், 1970களில் கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸ் கண்டறிந்த, ஒருபோதும் சீராகத் திரும்ப வராத ஓட்டமைப்புகளை அது பெரிதும் ஒத்திருப்பதாக 2007இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினர்.

மியூனிக்கின் எண்பது அறைகள்

1910ஆம் ஆண்டு செருமனியின் மியூனிக் நகரில் இஸ்லாமியக் கலைக்கென மாபெரும் கண்காட்சி ஒன்று நடந்தது. 80 அறைகளில் 3,500க்கும் மேற்பட்ட பொருள்கள். கம்பளங்கள், உலோகக் கலங்கள், கையெழுத்துச் சுவடிகள், நெசவுகள். அதற்கு முன்னர் ஐரோப்பியர் இவற்றை ‘கீழை நாட்டு விந்தைகள்’ என்னும் வகையிலேயே கண்டனர். மியூனிக் கண்காட்சியோ இவற்றைக் கலை என்னும் தகுதியோடு, நெருக்கடியின்றி இடைவெளிவிட்டு நிறுத்தியது. பிரான்சு நாட்டு ஓவியர் ஆன்றி மத்தீசு அதனைக் காண்பதற்கென்றே மியூனிக் சென்றார். அதே ஆண்டு இறுதியில் ஸ்பெயினின் கிரானடா நகரில் அல்ஹம்ரா அரண்மனையையும் கண்டார். ஒரே ஓவியத்தில் சுவரும் மேசையும் துணியும் ஒரே தளத்தில் பரவி நிற்கும் அவருடைய பாணி இக்காலத்தில் உறுதிப்பட்டது. அந்நாளில் மியூனிக்கிலேயே வாழ்ந்த காண்டின்ஸ்கி அக்கண்காட்சியைப் பற்றி ருசிய இதழுக்கு எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அருவ ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

1914 ஏப்ரலில் பால் கிளே என்னும் ஓவியர் தம் நண்பர் இருவருடன் துனீசியா சென்றார். கைரவான் நகரின் வெண்சுவர்களையும் வாயில்களையும் நீர்வண்ணத்தில் தீட்டியபோது அவை சிறு சிறு வண்ணச் சதுரங்களாயின. 1918இல் அவர் ஒரு கவிதையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வண்ணக் கட்டங்களுக்குள் இட்டு ஓவியமாக்கினார். கல்யாணப் பாயை அறிந்த ஒருவர் அவ்வோவியத்தைக் கண்டால் அந்நியம் என்று கருதமாட்டார்.

எனினும், ஒப்புமை வேறு, தாக்கம் வேறு. மத்தீசும் கிளேயும் இஸ்லாமியக் கலையைக் கண்டு, அதிலிருந்து கற்றனர், அது தாக்கம். செருமனியின் பௌகௌஸ் கலைப்பள்ளியில் 1922இல் சேர்ந்து, பின்னர் நெசவு பயின்ற ஆனி ஆல்பர்ஸ், தறியின் கட்டங்களைக் கொண்டே நவீனக் கலை படைத்தார். அவருக்கு வழிகாட்டிய பழமை தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை நெசவு. பத்தமடையோடு அவரை இணைப்பது தறி என்னும் கருவி மட்டுமே, அது ஒப்புமை. சென்னை அரசு கலைக்கல்லூரியின் முதல்வராயிருந்து, 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்த கே.சி.எஸ்.பணிக்கர், 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறிகளும்’ வரிசையில் மலையாள எழுத்தையும் கணிதக் குறிகளையும் படிக்க இயலாத வகையில் நிரப்பினார். எழுத்து வாசிப்பதற்கு முன் பார்ப்பதற்குரியது என்னும் கருத்து அங்கும் உண்டு. ஆனால் அவர் அதனைச் சாதகக் குறிப்புகளிலும் மாணவர் ஏட்டிலும் கண்டெடுத்தார். இவ்வேறுபாட்டைக் கவனியாமல் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முடிச்சுப்போடுவது கலை வரலாறு ஆகாது.

நஸ்ரீன் முகமதி

தாக்கமா ஒப்புமையா என்னும் வினா மிக நுட்பமாக எழும் இடம் நஸ்ரீன் முகமதியின் கோடுகள். 1937இல் கராச்சியில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். இலண்டனிலும் பாரிசிலும் ஓவியம் பயின்றவர். 1972 முதல் 1990இல் மறையும்வரை பரோடா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அவருடைய தலைமுறையின் இந்திய ஓவியர் பெரும்பாலோர் மனித உருவத்தையும் கதையையும் நாடியபோது அவர் எதிர்த்திசையில் நடந்தார். கட்டட வரைவாளர் பயன்படுத்தும் கருவிகளைக் கொண்டு தாளில் பென்சிலாலும் மையாலும் மெல்லிய கோடுகளை இழுத்தார். சில கோடுகள் பாவிழை போல் நெருங்கி ஓடும்; சில இடையில் தளர்ந்து மறையும்; சில தாளின் ஓரத்தைத் தாண்டிச் செல்வன போல் சாயும். படங்களுக்கு அவர் பெரும்பாலும் பெயரும் இடவில்லை, ஆண்டும் குறிக்கவில்லை.

அவர் ஒளிப்படமும் எடுத்தார். பதேபூர் சிக்ரியில் அக்பர் எழுப்பிய மாளிகைகளின் முகப்புகளை விட்டுவிட்டு, தரையில் பாவிய கல்லையும் நீர்த்தொட்டியின் விளிம்பையும் படம்பிடித்தார். சண்டிகரின் காங்கிரீட் கட்டடங்களும் நெடுஞ்சாலைக் கோடுகளும் அரபுப் பாலைவனத்தின் மணற்பரப்பும் அவருடைய படங்களில் ஒரே மொழியைப் பேசின. முகலாயர் தளமும் நவீன நகரமும் தனித்தனி உலகங்கள் அல்ல என்பதை அவர் கட்டுரை எழுதி நிறுவவில்லை. ஒளிப்படக் கருவியைத் தரையை நோக்கித் தாழ்த்திக் காட்டினார். தம் வாழ்நாளில் இப்படங்களை அவர் காட்சிக்கு வைக்கவில்லை.

இறுதி ஆண்டுகளில் நரம்பு மண்டல நோய் ஒன்று அவர் உடலின் கட்டுப்பாட்டைச் சிறுகச் சிறுகப் பறித்தது. அக்காலத்திலும் அவருடைய கோடுகள் நடுங்கவில்லை.

அவரை இஸ்லாமியக் கலைஞர் என்று அழைக்கலாமா? அவர் சூஃபி சிந்தனையை அறிந்தவர். சென் பௌத்தத்தையும் காண்டின்ஸ்கியையும் மாலேவிச்சையும் அவ்வாறே அறிந்தவர். பெயரைக் கொண்டு ஒரு படைப்பை ஒரு சமயத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அது கலைஞருக்கு நேர்மை செய்வதாகாது. அவர் எடுத்துக்கொண்ட மரபுகள் பல. அவற்றுள் முகலாயக் கல்தளமும் ஒன்று என்பதே பொருந்தும். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2016இல், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் நவீனக் கலைக் கிளையை அவருடைய படைப்புகளின் காட்சியோடும் திறந்தது.

ஜரீனாவின் வீடு

அதே 1937இல் அலிகாரில் பிறந்தவர் ஜரீனா ஹாஷ்மி. கணிதம் பயின்று பட்டம் பெற்றவர். பாரிசிலும் தோக்கியோவிலும் அச்சுக்கலை கற்று, நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்தவர். நாட்டுப் பிரிவினைக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், 1959இல் அவருடைய பெற்றோர் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தனர். பிறந்த வீடு இருந்த இடத்தில் இருந்தது; அதில் திரும்பிச் சேர்வதற்கு ஆளில்லை.

1999இல் அவர் செய்த ‘வீடு ஓர் அயல் இடம்’ என்னும் தொகுப்பில் 36 மர அச்சுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல். அதனோடு மிகச் சில கோடுகள். வாசல் என்றால் ஒரு கோணம், வானம் என்றால் ஒரு பரப்பு, அவ்வளவே. உருது படிக்கத் தெரியாதவருக்கு அச்சொல் அழகிய வளைவு மட்டுமே. தெரிந்தவருக்கு அது தாய்வீட்டுப் பேச்சு. பழைய எழுத்தணிக் கலையும் நவீன வடிவச் சுருக்கமும் ஒரே தாளில் இவ்வளவு இயல்பாகக் கூடிய படைப்புகள் மிகச் சில. 2001இல் அவர் செதுக்கிய ‘பிரிக்கும் கோடு’ என்னும் அச்சில் இந்தியா - பாகிஸ்தான் எல்லை மட்டும் வளைந்து நெளிந்து தாளின் குறுக்கே ஓடுகிறது. எல்லைக்கோட்டை விட்டுவிட்டு எஞ்சிய மரப்பரப்பையெல்லாம் கீறியெடுத்திருக்கிறார். கணிதம் கற்ற கை நேர்கோட்டை விட்டு நெளிகோட்டை எடுத்த இடம் அதுவே. 2011இல் வெனிசு நகரக் கலைக் கண்காட்சியில் இந்தியா அமைத்த அரங்கில் இடம்பெற்ற கலைஞர்களுள் அவரும் ஒருவர். 2020இல் இலண்டனில் மறைந்தார்.

இஸ்லாமியச் சூழலில் வளர்ந்த நவீனக் கலைஞர் எல்லாரும் கோட்டையும் எழுத்தையுமே நாடினர் என்று கொள்ளுதல் பிழை. பண்டரிபுரத்தில் 1915இல் பிறந்த எம்.எஃப்.உசேன் சிறுவயதில் அரபு எழுத்தணி பயின்றவர்; ஆயினும் மும்பையில் திரைப்பட விளம்பரத் தட்டிகள் வரைந்து வளர்ந்த அவருடைய தூரிகை குதிரையையும் மனிதரையுமே தேடியது. 1967இல் அவர் இயக்கிய ‘ஓர் ஓவியனின் கண்கள் வழியே’ என்னும் குறும்படம் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது.

குவிமாடம் இல்லாத பள்ளிவாசல்

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் நெடுங்காலம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தமையால், அதன் பழைய கட்டடங்கள் மரத்தையும் ஓட்டையும் நம்பியவை. மழை வழுகி ஓடச் சரிந்த கூரை, வெயிலை வடிகட்டும் மரச் சட்டப் பலகணி, உள்முற்றம் ஆகியவற்றைத் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் இன்றும் காணலாம். அங்குள்ள பலகணியின் பின் நின்றால் வெளியே நடப்பது தெரியும். வெளியிலிருப்பவருக்கு உள்ளே நிற்பவர் தெரியமாட்டார். கெய்ரோ நகரின் பழைய வீடுகளில் கடைசல் மரத்தால் அமைந்த சாளரங்களும் இதே பணியைச் செய்தன.

மேற்குக் கரையின் பழைய பள்ளிவாசல்கள் இத்தச்சு மரபில் எழுந்தவை. கோழிக்கோட்டின் குற்றிச்சிறையிலுள்ள மிஷ்கால் பள்ளி அடுக்கடுக்கான ஓட்டுக்கூரை கொண்டது. குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. 1510இல் போர்த்துக்கீசியர் அதனைத் தீக்கிரையாக்கிய பின்னும் அதே மரவேலை மரபில் அது சீரமைக்கப்பட்டது. தொழும் திசை, தூய்மை செய்ய நீர், ஒன்றுகூட ஓர் அவை, மழைக்கு ஒரு கூரை என்பவற்றுக்கு மேல் பள்ளிவாசலுக்குக் கட்டாய வடிவம் ஏதுமில்லை என்பதை இக்கட்டடங்கள் உணர்த்தின.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலை மாறியது. தொழுவோர் பெருகினர், இடம் போதவில்லை, வளைகுடா நாடுகளில் உழைத்தோர் அனுப்பிய பணம் கைக்கு வந்தது. பழைய கூரைகள் இறக்கப்பட்டு, காங்கிரீட் குவிமாடங்களும் உயர்ந்த மினாராக்களும் எழுந்தன. இம்மாற்றத்தை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுதல் எளிதன்று. ஒழுகும் கூரையின்கீழ் தொழுதோருக்குப் புதிய கட்டடம் ஒரு நிறைவு. தொலைநாட்டில் வியர்வை சிந்தியோருக்கு அது ஊரில் ஊன்றிய பெயர். ஆயினும் இழந்தது சிறிதன்று. எந்த ஊரிலும் பொருந்தும் ஒரே அச்சு வடிவம், ஒவ்வோர் ஊருக்கும் உரிய தச்சர் கணக்கை அழித்தது. அந்த அச்சு வடிவமே இஸ்லாமிய அடையாளம், ஓட்டுக்கூரை அவ்வடையாளம் அன்று என்னும் எண்ணமும் வேரூன்றியது. புதுமை என்ற பெயரில் வந்தது உண்மையில் வேறோர் ஊரின் பழமை என்பதை அக்காலத்தில் பலரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எதிர்த்திசை நகர்வுகளும் உள்ளன. கொடுங்கல்லூர் சேரமான் பள்ளிவாசலில் கடந்த நூற்றாண்டில் சேர்க்கப்பட்ட காங்கிரீட் பகுதிகள் முசிறி மரபுரிமைத் திட்டத்தின்கீழ் நீக்கப்பட்டு, பழைய ஓட்டுக்கூரைத் தோற்றம் மீட்கப்பட்டது. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் கட்டடக்கலைஞர் மரீனா தபசும், தம் பாட்டி வழங்கிய நிலத்தில் 2012இல் கட்டி முடித்த பைத்துர் ரவூஃப் பள்ளிவாசல், 2016இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. அதில் குவிமாடமோ மினாராவோ கிடையாது. வங்க மண்ணின் செங்கல்லால் ஆன சதுரம், சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் சற்றே திரும்பி நிற்கும் தொழுகைக் கூடம். செங்கற்களுக்கு இடையே விட்ட துளைகளின் வழியே காற்று நுழைகிறது. மேற்கூரையில் இட்ட சிறு வட்டத் துளைகளின் வழியே பகலொளி இறங்கித் தரையில் புள்ளி புள்ளியாக விழுகிறது. கதிரவன் நகர நகர அப்புள்ளிகளும் தொழுவோரிடையே நகர்கின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் பெயரைக் கட்டம் போட்ட தாளில் வளைகோடே இல்லாமல் எழுதிப் பாருங்கள். எந்த எழுத்து எளிதில் இணங்கியது, எது மறுத்தது என வகுப்பில் கலந்துரையாடுக.

உங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட வழிபாட்டிடம் ஒன்றின் கூரை, தூண், பலகணி ஆகியவை எப்பொருளால் ஆனவை, பின்னர் எவை மாற்றப்பட்டன என்பதை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து இரு பக்க அளவில் எழுதுக.